பெரியம்மா பதில் சொல்லாத திங்கட்கிழமை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் தில்லைநாதனின் மொழிபெயர்ப்பு அலுவலகம் இருந்தது. பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், இறப்புப் பத்திரம் எதுவானாலும் தமிழிலிருந்தோ சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்துக்கு மாற்றி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுப்பார்கள். வெளிநாடு போன யாழ்ப்பாணத்துச் சனத்தில் முக்கால்வாசி தன் மரப்படியில் ஏறிய பிறகுதான் விமானத்தில் ஏறியது என்று தில்லைநாதன் சொல்லுவார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். ஆனால் அந்தப் படிகளின் தேய்வைப் பார்த்தவர்கள் மறுத்துப் பேசியதில்லை.

அங்கே தட்டச்சு செய்தவர் சரோஜினிதேவி. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி வரை நடந்து, பிறகு வவுனியாவில் மாதக்கணக்காகக் காத்திருந்து, கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் இரண்டு சேலையும் ஒரு சுருக்கெழுத்துச் சான்றிதழும் இருந்தன. சேலைகள் போய்விட்டன. சான்றிதழை இன்னமும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். தில்லைநாதன் அவரை வேலைக்கு எடுத்தது ஒரே ஒரு காரணத்துக்காக. சோதனைக்குக் கொடுத்த பக்கத்தில் மூலத்தில் இருந்த ஒரு திகதிப் பிழையைத் திருத்தாமல் அப்படியே அடித்து, பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். மொழிபெயர்ப்பாளனுக்கு வேண்டிய குணம் அதுதான் என்று கிழவர் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்.

சரோஜினிதேவி அதிகம் கதைக்கமாட்டார். வாடகைக்கு இருந்த அனெக்ஸ் அறையின் வீட்டுக்காரர்களோடும் ‘ஓம்’, ‘இல்லை’, ‘தண்ணி வந்திட்டுது’ என்ற அளவில்தான் பேச்சு. ஆனால் 1999இல் அலுவலகத்துக்கு முதல் கொம்பியூட்டர் வந்து, தட்டச்சு யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, அந்தச் சாம்பல் நிறப் பெட்டியோடு மட்டும் அவருக்கு எப்படியோ பேச்சு வந்துவிட்டது. காலையில் துடைக்கும்போது மெல்லிய குரலில் ஏதோ சொல்லுவார். அது உறைந்து நின்றால் திட்டாமல், ஒரு நிமிடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு வருவார். பெரும்பாலும் அதற்குள் அது சரியாகிவிடும்.

பிறகு ஒரு புது கொம்பியூட்டரும் லேசர் பிரின்டரும் வந்தன. பழைய கொம்பியூட்டரையும் புதியதையும் வயரால் இணைக்க வந்தவர் பலீல். கொம்பனித்தெருவில் வீடு, மருதானைப் பாலத்தடியில் திருத்துகிற கடை, முப்பத்தைந்து வயது, கையில் எப்போதும் வயர் நிறைந்த ஒரு பை. இணைக்கிற யந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்றார். தில்லை ஒன்று, தில்லை இரண்டு என்று வைக்கச் சொன்னார் தில்லைநாதன். அது ஜெயில் நம்பர் மாதிரி இருக்கிறது என்றார் பலீல். “வீட்டில மூத்தது யாரு, இளையது யாரு? அதையே வெப்பமே சேர்.” அப்படித்தான் பழையது பெரியம்மாவும் புதியது சின்னம்மாவும் ஆயின.

வேலை நடக்கிற முறை இதுதான். சரோஜினிதேவி பெரியம்மாவில் அடிப்பார். தில்லைநாதன் திரையில் வரிவரியாகப் பார்த்து முடித்ததும், அது ‘முடிந்தது’ என்ற ஃபோல்டருக்குள் போகும். அந்த ஃபோல்டரின் படத்துக்குக் கீழே ஒரு சின்னக் கை ஏந்திக்கொண்டு நிற்கும். மற்ற யந்திரமும் இதை எடுக்கலாம் என்பதற்கு அடையாளம். சின்னம்மாவிலிருந்து அதைத் திறந்து, பிரின்டரில் அச்செடுப்பார்கள். பிரின்டர் புதுசு என்பதால் பெரியம்மாவோடு நேரே கதைக்காது. பெரியம்மாவின் ஃபிளொப்பி வாய் எப்போதோ பழுது. பென் டிரைவ் செருகினால் அது யார் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. ஆக, பெரியம்மாவிடமிருந்து ஒரு தாள் வெளியே வருவதென்றால் அந்த ஒற்றை வயர் வழியாகத்தான் வரவேண்டும்.

2006 புரட்டாதியில் சிவக்கொழுந்து என்ற அம்மா படியேறி வந்தார். யுத்தம் மறுபடி தொடங்கி ஏ ஒன்பது பாதை பூட்டின பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்தவர். லொட்ஜில் தங்கியிருந்தார். வடக்கிலிருந்து வருகிறவர்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பைக்குள் இரண்டாக மடித்து, பையைத் திறக்கிறபோதெல்லாம் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். கனடாவில் ஒரு மகள். எம்பசியில் நேர்முகம் ஒக்டோபர் மூன்றாந் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. தன்னுடையது, கணவருடையது, நான்கு பிள்ளைகளுடையது என்று மொத்தம் பதினான்கு பத்திரம். தவறினால் அடுத்த திகதி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. லொட்ஜில் அதுவரை இருக்க விடுவார்களா என்பதும் தெரியாது.

பதினான்கையும் வியாழக்கிழமை மாலையே தில்லைநாதன் பார்த்து முடித்துவிட்டார். அடுத்தநாள் வெள்ளிக்கிழமை அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. இரண்டு கிழமைக்கு ஒரு எழுத்தும் வாசிக்கக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அச்செடுப்பதுதான் பாக்கி. வியாழக்கிழமையே எடுத்திருக்கலாம். ஆனால் சனி, ஞாயிறு சரஸ்வதி பூசை, திங்கட்கிழமை விஜயதசமி. தூர இடத்துக்குப் போகிற மனுசியின் தாள் விஜயதசமியன்று முதல் அச்சாக வரட்டும், நல்லது என்றார் தில்லைநாதன். சிவக்கொழுந்துவுக்கும் அது பிடித்திருந்தது. சரோஜினிதேவிக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

பூசையை அவர்தான் ஒழுங்கு செய்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் மேசை போட்டு, அகராதிகள், முத்திரை, பேனைகள், பெரியம்மா, இரண்டு கொம்பியூட்டரின் வயர்களும் வந்து சேரும் அந்தச் சின்னக் கறுப்பு ஹப் பெட்டி எல்லாவற்றையும் வைத்தார். சின்னம்மாவுக்குக் கொழுவின வயர்கள் அதிகம் என்பதால் அது இருந்த இடத்திலேயே பூசை கண்டது. எல்லாத்துக்கும் பொட்டு வையும் பிள்ளை, ஒன்றும் விடுபடக் கூடாது என்று தில்லைநாதன் ஒரு கண்ணில் மூடியோடு கதிரையிலிருந்து சொல்ல, அவர் பன்னீரில் குழைத்த சந்தனத்தை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனார். டெலிபோனுக்கும் வைத்தார். ஸ்டேப்ளருக்கும் வைத்தார். பூசைக்கு வைத்ததை விஜயதசமி வரை யாரும் தொடவில்லை.

திங்கள் காலை, குளித்து முழுகி எட்டு மணிக்கே வந்து, எல்லாவற்றையும் பழைய இடங்களில் வைத்து, வயர்களைக் கொழுவினார். பெரியம்மாவில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து ‘உ’ என்று ஒரு எழுத்து அடித்தார். பிறகு சின்னம்மாவின் முன்னால் இருந்து ‘முடிந்தது’ ஃபோல்டரைத் திறந்தார்.

திறக்கவில்லை. அப்படி ஒரு பாதையைக் காணவில்லை என்று சின்னம்மா ஆங்கிலத்தில் சொன்னது.

சரோஜினிதேவி பதறவில்லை. பெரியம்மா எழும்பும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அவசரத்தில் அதை மூடிவிட்டு உள்ளே போனால் நாள் முழுக்க நெட்வேர்க்கோடு கோபித்துக்கொண்டிருக்கும். இது அவருக்குத் தெரியும். மறுபடி அணைத்துப் போட்டு, முறையாகப் பெயர் சொல்லி நுழைந்தார். ஃபோல்டருக்குக் கீழே கை ஏந்திக்கொண்டுதான் நின்றது. இரண்டு யந்திரமும் ஒரே குழுவின் பெயரில் இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. வயரை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். டிக் என்று சத்தம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வந்தார். பாதையை இன்னும் காணவில்லை.

பத்து மணிக்குச் சிவக்கொழுந்து வந்து வாங்கில் உட்கார்ந்தார். பெரியம்மா பதில் சொல்லுறா இல்லை என்று சரோஜினிதேவி டெலிபோனில் பலீலுக்குச் சொல்வதைக் கேட்டு, அவவுக்கு என்ன வருத்தம், காய்ச்சலோ என்று கவலையாக விசாரித்தார். விஷயம் விளங்கினதும் அவருடைய கவலை கூடியது.

பலீலிடம் ஒரு நல்ல பழக்கம், டெலிபோனிலேயே மருந்து சொல்லுவார். வெளி யந்திரங்களைத் தடுக்கிற சின்னம்மாவின் தீச்சுவரை நிற்பாட்டச் சொன்னார். நிற்பாட்டியாயிற்று. கறுப்புத் திரையைத் திறந்து பெரியம்மாவின் இலக்கத்தை அடித்துக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நாலு தரம் கூப்பிட்டது, நாலு தரமும் பதில் இல்லை. பெரியம்மாவில் இருந்துகொண்டு அதே இலக்கத்தைக் கூப்பிடச் சொன்னார். தன்னைத் தானே கூப்பிட்டபோது உடனே பதில் வந்தது.

“அப்ப ஆள் சுகமாத்தான் இரிக்கிறா அக்கா. வெளியோடதான் பேச்சில்ல. ஹப்பில லைட் பத்துதா?”

அகராதிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த சரோஜினிதேவி, இரண்டு லைட் எரிகிறது என்றார். இரண்டு கொம்பியூட்டருக்கு இரண்டு லைட். அவருக்கு அது சரியாகத்தான் பட்டது. பலீலுக்கும் டெலிபோனில் சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும். அப்ப ஹப்பில பிழையில்ல, நானே வாறன், பயப்பட வாணாம் என்றார்.

வருவதாகச் சொல்வதும் வருவதும் அந்த நாளில் ஒன்றல்ல. மருதானையிலிருந்து வெள்ளவத்தைக்கு இடையில் மூன்று இடத்தில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். சும்மா வருகிறவனுக்கே கேள்வி. பலீலின் பைக்குள் சுருள் சுருளாக வயர், பற்றரி, குறடு. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து வைத்து, இது இன்னதுக்கு, இது இன்னதுக்கு என்று சிங்களத்தில் பாடம் நடத்தினால்தான் விடுவார்கள். ஒருமுறை அப்படிப் பாடம் கேட்ட சிப்பாய் ஒருவன் தன் போன் சார்ஜரைக் கொண்டுவந்து கொடுக்க, அதையும் திருத்திக் கொடுத்துவிட்டு வந்ததாகப் பலீல் முன்பு சொன்னதுண்டு. அன்றைக்கு நோன்பு வேறு.

பலீல் வரும்வரைக்கும் தில்லைநாதனுக்குப் பேச ஒரு பொருள் கிடைத்தது. ஹப்பை ஒரு மாதத்துக்கு முன்னால் மாற்றியது பலீல்தான். மருதானையில் வாங்கின பாவித்த சாமான். மருதானைச் சாமான் மருதானைக் குணத்தைக் காட்டுது என்றார். கொட்டாஞ்சேனையில் ஒருவன் இருக்கிறானாம், எல்லாம் புதுசாகவே போடுகிறவனாம், இனி அவனைக் கூப்பிடுவோம் என்றார். சரோஜினிதேவி பதினான்கையும் சின்னம்மாவில் திரும்ப அடித்துவிடவா என்று மட்டும் கேட்டார். பின்னேரத்துக்குள் அடித்துவிடுவார், அது அவருக்குப் பெரிய காரியமல்ல.

“அடிப்பீர் பிள்ளை. ஆர் பாக்கிறது? பாத்ததுக்குத்தான் நான் கையெழுத்து வைப்பன். பாக்காததுக்கு வைக்கமாட்டன்” என்றார் தில்லைநாதன், கண்மூடியைத் தொட்டுக்கொண்டு.

நாற்பது வருடமாக அந்த மனிதர் அப்படித்தான். சரோஜினிதேவி அவரிடம் வேலைக்கு இருந்ததும் அதனால்தான். மத்தியானம் கீழே இறங்கி, சிவக்கொழுந்துவுக்கு இடியப்பமும், பலீல் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். சிவக்கொழுந்து பாதி இடியப்பத்தைச் சுருட்டி வைத்துவிட்டார். ஆறரைக்குப் பிறகு லொட்ஜுக்குத் திரும்பினால் வாசலில் ஆயிரம் கேள்வி என்று இரண்டு தரம் சொன்னார்.

பலீல் வந்து சேர்ந்தபோது ஐந்தே கால். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தில்லைநாதன் அவரைப் பார்த்தும் பார்க்காததுமாக இருந்தார். ஒரு கண்ணால் அதைச் செய்வது சுலபம். பலீல் மேசைக்குக் கீழே போய், அகராதிகளை நகர்த்தி, ஹப்பைக் கையில் எடுத்தார்.

“அக்கா, ரெண்டு லைட்டுல ஒண்டு கரண்டுக்கு. மூணு பத்தணும்.”

பலீல் ஹப்பின் முதலாவது துளையிலிருந்து பெரியம்மாவின் வயரை உருவி, வெளிச்சத்தில் பிடித்தார். வயரின் கண்ணாடி மூக்கு மஞ்சளாக இருந்தது. அதைத் தன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். டோர்ச்சைத் துளைக்குள் அடித்தார். அங்கே பித்தளைப் பற்கள் வரிசையாகத் தெரிய வேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து இறுகிப்போய்க் கிடந்தது.

சரோஜினிதேவிக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை, மேசையில் அந்தப் பெட்டி நெற்றியே இல்லாமல் கிடந்தது. முன்பக்கம் முழுக்க ஐந்து சதுரத் துளை. பொட்டு வைக்க வேறு இடமில்லை. முதலாவதிலேயே வைப்போம் என்று, பெரியம்மாவின் துளை என்பதால் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார்.

பலீல் அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு வயரின் நுனியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு எழும்பினார்.

“ஒண்டுமில்ல சேர். பழைய ஹப் தானே. ஒரு ஓட்டை செத்துப்போச்சு. நான் போட்டதிலதான் பிழை.”

“நான் காலமையே சொன்னனான்” என்றார் தில்லைநாதன், யாருக்கும் சொல்லாதது போல. “பாவித்த சாமான். இனி நீர் வரவேண்டாம் தம்பி. கொட்டாஞ்சேனையில வேற ஆள் இருக்கு.”

பலீல் தலையை ஆட்டினார். வயரை இரண்டாம் துளையில் செருகக் குனிந்தார். நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதன், மூன்று சாவடியில் பையை அவிழ்த்துக் கட்டியவன், பூசைச் சந்தனம் என்று வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, இல்லாத பிழையைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து நின்றான். சரோஜினிதேவி அந்த முதுகைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது அவருக்கு வாழ்நாள் பழக்கம்.

“சேர், அது ஹப்பின்ர பிழை இல்லை. நான் வைச்ச பொட்டு.”

தில்லைநாதன் திரும்பினார்.

“சந்தனத்தை ஓட்டைக்குள்ள வைச்சிட்டன். வெளிய வைக்க இடம் இருக்கேல்லை. தம்பி அதைக் கண்டிட்டுத்தான் தன்ர பிழை எண்டு சொல்லுறார்.”

பத்து வருடத்தில் அவர் அந்த அலுவலகத்தில் ஒரே மூச்சில் சொன்ன நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். தில்லைநாதன் பலீலிடம் கையை நீட்டி வயரை வாங்கி, அவரும் மணந்து பார்த்தார்.

“எல்லாத்துக்கும் வையுமெண்டு சொன்னது நான்” என்றார் கடைசியாக.

“முன்னுக்கு முழுக்க ஓட்டையா இரிக்கிற பெட்டியக் கொண்டு வந்தது நான் சேர்” என்றார் பலீல்.

அப்போது வாங்கிலிருந்து சிவக்கொழுந்து வாயைத் திறந்தார். “ஆர் பிழையெண்டு ஆறுதலாக் கதையுங்கோ. எனக்கு எட்டு மணிக்கு எம்பசி. முதல்ல அச்சடியுங்கோ.”

பலீல் வயரின் மூக்கை ஓடிகொலோனில் தோய்த்த பஞ்சால் துடைத்து, இரண்டாம் துளையில் செருகினார். மூன்றாவது லைட் பச்சையாக எரிந்தது. சின்னம்மாவின் திரையில் பெரியம்மாவின் பெயர் வந்தது. அதைத் தட்ட ‘முடிந்தது’ வந்தது. அதற்குள் பதினான்கும் இருந்தன. ஒரு எழுத்தும் மாறவில்லையே என்று தில்லைநாதன் கேட்டார். ஃபைல்களுக்குப் பக்கத்திலிருந்த திகதியைச் சரோஜினிதேவி வாசித்தார். எல்லாம் வியாழக்கிழமை, ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

விஜயதசமியின் முதல் அச்சு ஐந்தே முக்காலுக்கு வந்தது. சரோஜினிதேவி ஒவ்வொரு தாளிலும் கோடு இருக்கும் இடத்தில் விரலை வைக்க, தில்லைநாதன் அந்த விரலுக்கு மேலே கையெழுத்து வைத்துக்கொண்டு போனார். பதினோராம் தாளில் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. சரோஜினிதேவி கையை எடுக்க முடியாமல், பேரீச்சம்பழப் பொட்டலம் இருந்த பக்கம் கண்ணால் காட்டினார். பலீல் அதைப் பிரித்து, ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு பொட்டலத்தைச் சிவக்கொழுந்துவிடம் நீட்டினார். அவர் இரண்டு எடுத்து, ஒன்றைத் தின்று, மற்றதைப் பொலிஸ் துண்டோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஆறு மணி இருபதுக்கு, பதினான்கு தாளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கொட்டாஞ்சேனைக்காரனைப் பற்றித் தில்லைநாதன் பிறகு பேசவில்லை. பலீல் புறப்படும்போது மட்டும், அடுத்த முறை வரும்போது அந்த ஓட்டையைச் சுத்தமாக்கித் தாரும் என்றார். பலீல் பார்ப்போம் சேர் என்றார்.

தை மாதத்தில் சிவக்கொழுந்து கனடா போனார். பங்குனியில் அங்கிருந்து ஒரு டெலிபோன் வந்தது. குளிரைப் பற்றி நாலு வார்த்தை, பேரப்பிள்ளைகளைப் பற்றி நாலு வார்த்தை. கடைசியாகப் பெரியம்மா கதைக்கிறாவோ என்று கேட்டார்.

கதைக்கிறா என்றார் சரோஜினிதேவி.

முதலாம் துளையைப் பலீல் சுத்தமாக்கவில்லை. அதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி மூடிவிட்டார். ஆனால் அடுத்த வருடப் பூசைக்குக் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு சரோஜினிதேவி அந்தக் கறுப்புப் பெட்டிக்குக் கிட்ட வந்தபோது, அதன் தலையில் ஐம்பது சதக் காசளவில் வட்டமாக வெட்டிய வெள்ளைக் கடதாசி ஒன்று ஒட்டியிருந்தது. எப்போது ஒட்டினாரோ தெரியாது. உருண்டை உருண்டையான எழுத்தில் ‘பொட்டு இங்க வைங்க அக்கா’ என்று எழுதியிருந்தது.

சரோஜினிதேவி அங்கேயே வைத்தார்.